தோட்கோப்பும் தோளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்து மேடையில் நிற்போரைச் சற்றே கூர்ந்து நோக்கினால் அவர்களுள் இருவகையினரைக் காணலாம். ஒரு சாரார் தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோர். மற்றொரு சாரார் குடும்பத்தோடு உலாப் புறப்பட்டோர். இப்பின்னவரை அடையாளங் காண அவர்தம் புத்தாடையையோ பிள்ளைகளின் துள்ளலையோ நோக்க வேண்டுவதில்லை. அவர்களிடம் உள்ள பை ஒன்றே போதும். புடைத்த வயிறும், பக்கத்து உறைகளில் நீர்ப்புட்டிகளும், மேலே செருகிய குடையுமாக அது விளங்கும். அவர்கள் வடகிழக்குப் பாதையில் ஐந்தாவது நிறுத்தமாகிய ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி, அங்கிருந்து செந்தோசாத் தீவுக்குச் செல்லும் வண்டியில் ஏறுவர். தீவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

ஒரு நாள் உலாவுக்கு எடுத்துச் செல்லும் பையைப் பற்றி ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வினவலாம். அதனுள் எவற்றை வைப்பது என்பது வீட்டு நடைமுறை. அதில் ஆராய்ச்சிக்கு இடமில்லைதான். ஆயின் அப்பையைச் சுற்றி மூன்று செயல்கள் நிகழ்கின்றன. ஒருவர் எண்ணிப் பார்த்து அடுக்குகிறார், ஒருவர் சுமக்கிறார், ஒருவர் வேண்டும்போது கைநீட்டிப் பெற்றுக்கொள்கிறார். இம்மூவரும் ஒருவரே ஆயின் அங்கே அறம் பற்றிய கேள்வி எழுவதில்லை. தனியாகப் பயணம் செய்வோனுக்கு அவனது பை வெறும் பையே. மூவரும் வேறுவேறு மாந்தராகும்போதுதான் ‘இது முறையா?’ என்ற வினா எழுகிறது. குடும்பம் என்பதோ இம்மூவரும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும் இடம்.

வழிப்பயணத்திற்கான பொதியைக் குறிக்கத் தமிழில் அழகிய பழஞ்சொற்கள் உள்ளன. வழியில் உண்பதற்குரிய உணவை ‘ஆற்றுணா’ என்றனர். தோளில் தொங்கவிட்டுச் செல்லும் கட்டுச்சோற்றைத் ‘தோட்கோப்பு’ என்றனர். பாணரும் பொருநரும் தம் இசைக்கருவிகளை இட்டுக் கட்டிய பைக்குக் ‘கலப்பை’ என்று பெயர். கலம் இடும் பை என்பது அதன் பொருள். உழுபடைக்கும் இப்பெயர் உண்டு என்பதை மாணவர் அறிவர். இச்சொற்கள் வரும் இடங்களை ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கற்றறிந்தவருக்கு எந்நாடும் தம் நாடே ஆதலின் அவர் ஆற்றுணாக் கொண்டு செல்ல வேண்டுவதில்லை என்கிறது பழமொழி நானூறு. புறநானூற்றின் 206-ஆம் பாடலில், பரிசில் தராது காலந்தாழ்த்திய அதியமானின் வாயிலில் நின்று ஔவையார் பேசுகிறார். தம் கலங்களைக் காவிலே கட்டிக்கொண்டு, பையைச் சுருக்கிக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுகிறார்; எத்திசைப் போயினும் உணவு கிட்டும் என்ற செம்மாப்பு அவருக்கு இருந்தது. நாலடியாரோ தோட்கோப்பை வேறு பொருளில் ஆள்கிறது. இளமை நிலையாமை கூறும் அதிகாரத்தில், கூற்றுவன் வருமுன் காலத்தோடு தேடிக்கொள்ள வேண்டிய வழியுணவு அறமே என்று அது உணர்த்துகிறது.

இவை உயர்ந்த கருத்துகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆற்றுணா இன்றிப் புறப்பட்ட புலவருக்குப் போன இடத்தில் சோறிட்டவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கே ஒரு வீடு இருந்தது. அவ்வீட்டில் அடுப்பெரித்த ஒரு பெண் இருந்தாள். வழிப்போக்கரின் பை இலேசானதற்கு அவளது உழைப்பே காரணம். சுமை மறையவில்லை, தோள் மாறியது. பாடல்களில் ஔவையின் பை இடம்பெற்றது. அடுப்பெரித்தவளின் பெயர் இடம்பெறவில்லை.

சிங்கப்பூரில் இத்தகைய நாட்பை தோன்றியதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிராங்கூன் சாலைத் தமிழருக்கு அண்மையில், ஜாலான் புசாரில், 1923-ஆம் ஆண்டு ‘நியூ வோர்ல்டு’ கேளிக்கை உலகம் திறக்கப்பட்டது. பின்னர் ‘கிரேட் வோர்ல்டு’, ‘ஹேப்பி வோர்ல்டு’ என வேறு இரண்டு எழுந்தன. வீட்டிலிருந்து நடந்து போய், மாலைப் பொழுதில் ஆட்டமும் கூத்தும் கண்டு, இரவில் நடந்தே திரும்பத்தக்க இடத்திற்குப் பை எதற்கு? 1937-இல் எழுந்த ஹா பார் வில்லாவும் பொதுமக்கள் கட்டணமின்றிச் சுற்றிப் பார்க்கும் தோட்டமாகவே தொடங்கியது. ஜூரோங் பறவைப் பூங்கா 1971-லும், விலங்குத் தோட்டம் 1973-லும் திறந்த பின்னர், குடும்பம் பகல் முழுவதும் வெளியே கழிக்கும் வழக்கம் வேரூன்றியது. புலாவ் பிளாக்காங் மாத்தி என்று வழங்கிய தீவு 1972-இல் செந்தோசா எனப் பெயர் பெற்றது. 2010-இல் அத்தீவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் திறக்கப்பட்டபோது, காலை முதல் இரவுவரை ஒரே மதிலுக்குள் பொழுதைக் கழிப்பது பல குடும்பங்களின் ஆண்டு விழாவாயிற்று. நியூ வோர்ல்டு 1987-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் வாயில் இன்று சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதியின் அருகே நினைவுச்சின்னமாக நிற்கிறது. பகல் முழுவதும் நீளும் இன்பத்திற்குத்தான் முன்னேற்பாடு வேண்டியதாயிற்று. பை அவ்வாறு பிறந்தது.

அப்பையை அடுக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். பாட்டி, தந்தை, தாய், 14 வயது மகன், 6 வயது மகள், இல்லப் பணிப்பெண் என அறுவர் ஒரு குடும்பத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். முந்தின இரவில் தாய் பையைத் திறக்கிறாள். பாட்டிக்கு நீரிழிவு, உணவுக்கு முன் உண்ண வேண்டிய மாத்திரை முதலில் உள்ளே போகிறது. வெயிலில் நடந்து சர்க்கரை குறைந்து மயக்கம் வந்தால் உடனே கொடுக்கச் சில இனிப்புகள். மகள் நீர்ச்சவாரியில் நனைவாள்; மாற்றுடை ஒன்று, துவாலை ஒன்று, நனைந்ததை இட்டு வைக்க ஒரு நெகிழிப்பை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே உள்ளது. காலையில் சுடும் வானம் பிற்பகலில் இடியோடு பொழியக்கூடும். ஆதலின் மழையங்கிகள். மகனின் கைப்பேசிக்கு மின்னேற்றி. மெல்லிழைத்தாள், தைலம், தொப்பிகள்.

பின்னர் உணவு. முன்னாளில் தொலைவழிப் பயணத்திற்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது தமிழர் மரபு. இங்கோ ரயிலில் உண்பதும் பருகுவதும் குற்றம். 500 வெள்ளிவரை தண்டம் விதிக்கப்படலாம். பூங்காவிலும் வெளியுணவுக்குத் தடை உண்டு. குடிநீர், குழந்தை உணவு போன்றவற்றுக்கே விலக்கு. எனவே கட்டுச்சோறு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. விடியலில் எழுந்து அனைவரையும் வயிறார உண்ணச் செய்து புறப்படுவிப்பது தாயின் கடமையாகிறது. எஞ்சுவது நீர். ஆளுக்கு அரை லிட்டர் என்றால் அறுவருக்கு 3 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பது தொடக்கப்பள்ளி மாணவனும் அறிந்த கணக்கு. வேறொன்றும் வைக்காமலே பை 3 கிலோ எடை பெற்றுவிடுகிறது.

இப்பையில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒருவரை நினைந்து வைக்கப்பட்டது. இன்னாருக்கு இன்ன நேரத்தில் இன்னது தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது எளிய செயலன்று. மருத்துவர் நோயாளியைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பேட்டைக் காட்டிலும் விரிவான ஓர் ஏடு தாயின் உள்ளத்தில் இருக்கிறது. மகளுக்கு எந்தத் துணி உறுத்தும், பாட்டி எந்தப் படியில் தடுமாறுவார், மகன் பசித்தால் எப்படிச் சினப்பான் என்பனவெல்லாம் அவ்வேட்டில் உள. அன்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதன் அன்றாட வடிவம் இத்தகைய நினைவாற்றலே எனலாம். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பூங்காவை அடைந்து வெயிலேறிய பின்னர், ஐந்து தொப்பிகள் பையிலிருந்து வெளிவரும், ஆறாவது இராது. பெரும்பாலும் மறந்துபோவது அடுக்கியவளின் தொப்பியே.

அடுக்குதலில் அன்போடு அச்சமும் கலந்திருக்கிறது என்பதையும் மறைக்கலாகாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்னும் தொடர் தமிழ் இல்லங்களில் பயணத்திற்கு முந்தின இரவில் மிகுதியும் ஒலிக்கும் தொடராகும். இரண்டாவது துவாலை எதற்கும் இருக்கட்டும். இன்னொரு சட்டை எதற்கும் இருக்கட்டும். ஒரு விளையாட்டுப் பொம்மை எதற்கும் இருக்கட்டும். இவ்வாறு சேர்ந்தவற்றுள் பாதி, வெளிச்சமே காணாமல் இரவில் வீடு திரும்பும். இத்தொடரை மிகத் தாராளமாக வழங்குவோர் யாவர் என்று நோக்கினால் வியப்புத் தோன்றும். பையைத் தாமே சுமக்கப் போகிறவர் அதனை அளந்துதான் சொல்வர். கைவீசி நடக்கப் போகிறவரே பொருளுக்குப் பொருள் சொல்வர்.

இனித் தோளைப் பற்றி நோக்கலாம். 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சிங்கப்பூரில் ஒரு நிழற்படம் பரவிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. தேசிய சேவையில் இருந்த ஓர் இளைஞர் படைச்சீருடையில் நடந்து செல்கிறார். அவருக்குப் பின்னே, அவரது கனத்த முதுகுப்பையைத் தம் முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு பணிப்பெண் வருகிறார். நாட்டைக் காக்கப் பயிலும் இளைஞன் தன் பையைத் தான் சுமக்கலாகாதா என்று மக்கள் சினந்தனர். இளந்தலைமுறை மென்மையாகிவிட்டதோ என்று வருந்தினர். இணையத்தில் எள்ளி நகையாடினர்.

சினம் நியாயமானதே. எனினும் அச்சினம் எதன்மேல் எழுந்தது என்பதை ஆராய்தல் வேண்டும். ஆடவன் ஒருவன் கைவீசி நடக்க, பெண்ணொருத்தி சுமந்து வருவது அந்நாளில் புதுமையன்று, இந்நாளிலும் புதுமையன்று. செந்தோசா வண்டி நிற்கும் மேடையில் எந்த ஞாயிறும் அக்காட்சியைக் காணலாம். அதனை எவரும் படம் எடுப்பதில்லை. சீருடை இருந்தமையால்தான் அது செய்தியாயிற்று. மக்கள் வருந்தியது பெரும்பாலும் படையின் மானத்தைக் குறித்து. அப்பெண்ணின் முதுகைக் குறித்து வருந்தியோர் குறைவு.

இதனோடு ஒப்பிடத்தக்க கதை ஒன்று நம் பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஈசுவர சந்திர வித்யாசாகரைப் பற்றியது அது. ரயிலிலிருந்து இறங்கிய இளைஞன் ஒருவன் தன் சிறு பையைத் தூக்கக் கூலியாளைத் தேடினான். எளிய உடையில் நின்ற ஒருவர் முன்வந்து தூக்கிச் சென்றார். கூலி கொடுக்க முற்பட்டபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். தான் காண வந்த பேரறிஞர் வித்யாசாகர் அவரே என்று பின்னர் அறிந்த இளைஞன் நாணித் தலைகுனிந்தான். தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்ற பாடத்தை இக்கதை வழியாகப் பல தலைமுறை ஆசிரியர்கள் கற்பித்துள்ளனர். கதை நல்ல கதையே. ஆனால் கூர்மையான மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அன்று நிலையத்தில் உண்மையாகவே ஒரு கூலியாள் இருந்திருந்தால் அவ்விளைஞன் நாணியிருப்பானா?” என்று கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? நாணியிருக்க மாட்டான், கதையும் பிறந்திராது. சுமந்தவர் பெரியவர் என்பதால் அல்லவா சுமத்தியது குற்றமாயிற்று? சுமப்பவரின் தகுதியைப் பொறுத்து நாணம் கூடிக் குறையுமாயின், அந்நாணத்தை அறவுணர்ச்சி என்று கொள்வதற்கில்லை. பெரியோர்க்கு இழைத்த மரியாதைக் குறைவுக்கான கூச்சம் என்றே கொள்ள வேண்டும்.

பணிப்பெண்ணின் நிலை இவ்விடத்தில் தனியே எண்ணத்தக்கது. வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்களைத் தருவிக்கும் திட்டம் சிங்கப்பூரில் 1978-இல் தொடங்கியது. இன்று 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்பணியில் உள்ளனர். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் நாட்டினரோடு தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோரும் அவர்களுள் அடங்குவர். 2013 ஜனவரி முதல் அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது. அந்நாளில் பணியாற்ற அவர் இசைந்தால் ஈடாகப் பணம் தரலாம். 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்திற்கு மாற்றாமல் ஓய்வாகவே அளித்தாக வேண்டும்.

குடும்பம் பணிப்பெண்ணையும் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறது. ‘நம் வீட்டுப் பெண்போல அவளும் பார்க்கட்டும்’ என்கின்றனர். அவ்வெண்ணத்தில் பொய்யில்லை. ஆயின் அந்நாள் அவருக்கு ஓய்வா, பணியா? உலாவுக்கு வரவில்லை என்று அவரால் சொல்ல முடிந்ததா? நுழைவுச்சீட்டு அவருக்கும் வாங்கப்பட்டதா, அன்றி வாயிலுக்கு வெளியே நிழல் தேடி அமரச் சொன்னார்களா? உள்ளே சென்றபின் அவரும் ஊர்தியில் ஏறினாரா, அன்றிப் பைக்குக் காவலாக நின்றாரா? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்தாலன்றி, அழைத்துச் சென்றதை அன்பு என்றோ வேலை என்றோ முடிவு கட்டவியலாது. வீட்டுப் பெண்போல என்று சொல்லுவது எளிது. வீட்டுப் பெண்ணுக்கே பைதான் பங்காக வாய்த்திருக்கிறது என்பதும் உண்மை.

எனின் பிறர் சுமையைச் சுமப்பதே இழிவென்று கொள்வதா? அவ்வாறு கொள்ளத் தமிழர் பண்பாடு இடந்தராது. லிட்டில் இந்தியாவின் நடுவிலேயே அதற்குச் சான்று உண்டு. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்கு, 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில், காவடிகள் செல்கின்றன. ஔவையார் தம் கலங்களைக் கட்டித் தூக்கிய ‘கா’ என்னும் தண்டே காவடியின் பெயரிலும் நிற்கிறது. ஆசிரியராகிய அகத்தியருக்காகச் சிவகிரி, சத்திகிரி என்னும் இரு குன்றுகளையும் இடும்பன் காவிச் சென்ற கதையிலிருந்து இவ்வழிபாடு தோன்றியதாகக் கூறுவர். சுமத்தலையே வழிபாடாக்கிய மரபு இது.

அந்த ஊர்வலத்தில் காவடிக்கு இரண்டு அடி பின்னே செல்வோரையும் கவனித்தல் தகும். காவடி எடுப்பவர் களைத்தால் அமர்வதற்கு ஒரு முக்காலி, நீர், எலுமிச்சை, துண்டு, மாற்று வேட்டி ஆகியவற்றைப் பையிலும் கையிலும் ஏந்தியபடி மனைவியோ தமக்கையோ தோழரோ உடன் நடப்பர். வெயிலும் தார்ச்சாலையின் சூடும் அவருக்கும் உண்டு. கூட்டம் காவடியைப் பார்த்துக் கைகூப்புகிறது. முக்காலி சுமப்பவரைப் பார்த்து, வழியை விட்டு ஒதுங்குமாறு சொல்கிறது. இரண்டும் சுமையே, இரண்டும் விரும்பி ஏற்றவையே. ஒன்றற்குப் பெயர் உண்டு, நாள் உண்டு, பாட்டு உண்டு. மற்றொன்று ஒத்தாசை என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. எனினும் முக்காலி ஏந்தியவர் குறைபட்டுக்கொள்வதில்லை. காவடி எடுப்பவர் பெரும்பாலும் அன்றிரவே அவரது கையைப் பற்றி, ‘நீ வந்ததால் முடித்தேன்’ என்பார். சுமை அங்கே அறியப்பட்டது. பூங்காவுக்குச் சென்று திரும்பிய மகன் அவ்வாறு ஒரு சொல் சொல்வானா? அவனிடம் நன்றியின்மை இல்லை. அப்படி ஒன்று நடந்ததே அவனுக்குத் தெரியாது. தாகம் எடுத்தது, கை நீட்டினான், நீர் வந்தது.

மேலைநாட்டு மெய்யியலாருள் ஜான் ரால்ஸ் என்பார் 1971-இல் வெளியிட்ட நீதிக்கொள்கை பற்றிய நூலில் ஓர் அளவுகோலைக் கூறுகிறார். ஒரு சமுதாயத்தின் விதிகளை வகுப்போர், அச்சமுதாயத்தில் தாம் எந்த இடத்தில் இருக்கப் போகிறோம் என்று அறியாத நிலையில் அவற்றை வகுக்க வேண்டும். அப்போதுதான் விதிகள் நேர்மையாக அமையும் என்பது அவர் கருத்து. இப்பெருங்கொள்கையை வீட்டு வாயிலிலேயே செய்து பார்க்கலாம். பையை யார் சுமப்பது என்று தெரியாமலே அனைவரும் கூடி அடுக்கட்டும். அடுக்கி முடித்தபின் சீட்டுக் குலுக்கட்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற குரல்கள் எத்துணை விரைவில் அடங்கும்! மின்னேற்றி கீழே இறங்கும், பொம்மை இறங்கும், இரண்டாவது துவாலை இறங்கும். பாட்டியின் மாத்திரை மட்டும் இறங்காது. எது தேவை, எது ஆசை என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிடும்.

ஆயினும் ரால்சின் அளவுகோல் குடும்பத்திற்கு முற்றும் பொருந்தாது என்றே கூற வேண்டும். சீட்டு பாட்டியின் பெயருக்கு விழுந்தால் எழுபது வயதினர் 5 கிலோ சுமப்பதா? ஆறு வயதுச் சிறுமியின் முதுகில் ஏற்றுவதா? அவரவர் பையை அவரவர் தூக்குக என்பதும் முதல் நோக்கில் நேர்மையாகத் தோன்றும். சில இல்லங்களில் அவ்வாறே ஆளுக்கொரு சிறு பை மாட்டிவிடுகின்றனர். அதில் ஒரு குறை உண்டு. தன் நீரைத் தான் சுமந்து தானே பருகும் அறுவர், ஒரே ரயிலில் ஏறிய அயலார் அறுவரைப் போன்றவரே. விடுதி மாணவருக்கு அது தகும். பிள்ளைகளுக்குத் தன்னைத்தான் காக்கும் பயிற்சி அதனால் கிட்டலாம். பாட்டியின் மாத்திரை நேரம் அவர்களுக்குத் தெரியாமலே போகும்.

ஆகவே வேறொரு முறை எண்ணத்தக்கது. மகனின் பையில் அவனது மின்னேற்றியோடு பாட்டியின் மாத்திரையும் இருக்கட்டும். நண்பகல் உணவுக்கு முன் அதனை எடுத்துத் தர வேண்டியவன் அவனே என்று சொல்லப்படட்டும். சிறுமியின் சிறு பையில் அவளது நீரோடு அனைவருக்குமான மெல்லிழைத்தாள் இருக்கட்டும். அதன் எடை ஒன்றுமில்லை, ஆனால் அதனைக் கேட்டு எல்லாரும் அவளிடம் வர வேண்டியிருக்கும். தந்தை நீரைச் சுமக்கட்டும். பிறர்க்குரிய ஒரு பொருளேனும் தன்னிடம் உள்ளவன், அப்பிறரை நாள் முழுவதும் மறக்க இயலாது. தாய் தன் உள்ளத்தில் தனியே தாங்கிய ஏட்டின் சில பக்கங்களாவது இவ்வாறு படி எடுக்கப்படும். ஒழுக்கக் கல்வி வகுப்பில் ஓராண்டு சொல்லிப் புகட்டுவதைக் காட்டிலும் இது ஆழமாகப் பதியும் என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வர். பிள்ளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. மாத்திரைப் பட்டை ஒன்றைத் தாயும் வைத்துக்கொள்ளட்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற தொடர் அவ்விடத்தில் தகும்.

சுமையின் எடை நாள் முழுவதும் ஒரே அளவாய் இருப்பதுமில்லை. ஈசாப்பைப் பற்றிய பழங்கதை ஒன்று உண்டு. அடிமைகள் தலைவனோடு நெடுவழி செல்லப் பொதிகளைப் பகிர்ந்தபோது, ஈசாப் எல்லாவற்றிலும் கனமான அப்பக்கூடையைத் தேர்ந்தார். மற்றவர் நகைத்தனர். வழியில் அப்பம் உண்ணப்பட உண்ணப்படக் கூடை இலேசாகி, இறுதியில் அவர் வெறுங்கூடையோடு நடந்தார். பூங்காப் பையிலும் நீர் குறையக் குறைய எடை குறையும். ஆனால் நீர்ச்சவாரி முடிந்ததும் ஈரத்துணிகள் ஏறிக்கொள்ளும். கடைகளில் வாங்கிய பொம்மைகளும் சேரும். காலையில் சுமந்தவரே மாலையிலும் சுமக்க வேண்டும் என்று விதியில்லை. தோள் மாற்றிக்கொள்ள இடம் வேண்டும்.

தமிழகத்துச் சாலையோரங்களில் முன்னோர் அதற்கென ஓர் இடம் அமைத்திருந்தனர். இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளை இன்றும் சில ஊர்களில் காணலாம். தலைச்சுமையோடு தனியே வருபவர், பிறர் கைகொடுக்காமலே இறக்கி வைத்து இளைப்பாறி, மீண்டும் தாமே தூக்கிக்கொள்ளத்தக்க உயரத்தில் அவை அமைந்துள்ளன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். இறக்கி வைக்க இயலாமலே போன ஒருத்தியின் பெயரால், வழியில் செல்லும் எவரும் சற்று இறக்கி வைக்கட்டும் என்று உற்றார் எண்ணினர். அறம் இவ்வாறு கல்லாய் நின்றது.

செந்தோசாப் பூங்காவிலும் சுமைதாங்கி உண்டு. அது எண்ணிட்ட பேழை. தலைகீழாய்ச் சுழன்று விரையும் பெரிய ஊர்தியில் பையோடு ஏற இயலாது; பேழையில் வைத்துப் பூட்டிவிட்டே ஏற வேண்டும். நேரம் மிகுந்தால் கட்டணமும் ஏறும். அக்கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணும் குடும்பம், “நீ இங்கேயே நில், நாங்கள் போய் வருகிறோம்” என்று ஒருவரிடம் பையைக் கொடுத்துவிட்டு வரிசையில் நுழைகிறது. வரிசை நீண்டதாயின் ஒரு மணி நேரமும் ஆகலாம். ஒருவரை நிறுத்தி வைப்பதற்கு ஆகும் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை ஆதலின், பேழைக் கட்டணமே பெரிதாகத் தோன்றுகிறது. நுழைவுச்சீட்டுக்கு அத்துணைப் பணம் கொடுத்தவர் இச்சில வெள்ளிகளுக்குத் தயங்குவது வேடிக்கையே. நிற்பவர் தாயானாலும் பணிப்பெண்ணானாலும் அவரும் சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்.

இரவில் குடும்பம் வீடு திரும்புகிறது. வட்டாரத்துப் பேரங்காடிகளில் 2023 முதல் பைக்குக் காசு கேட்கின்றனர். ஆகவே வழியில் வாங்கிய பாலும் ரொட்டியும் அதே பையில் திணிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தபின், பை சுவரோரம் சாய்க்கப்படுகிறது. சிறுமி உறங்கிவிட்டாள். மகன் படங்களை நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். அடுக்குதலைப் பற்றி ஒருவராவது பேசுவர். பிரித்தலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஈரத்துவாலையை அன்றிரவே எடுத்து அலசாவிட்டால் இந்நாட்டின் புழுக்கத்தில் மறுநாளே நாற்றம் பற்றும். புட்டிகளைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். மாத்திரைப் பட்டையைப் பாட்டியின் மேசையில் மீண்டும் வைக்க வேண்டும். விடிந்தால் அவர் தேடுவார். மறுநாள் திங்கட்கிழமை, மகனின் பள்ளிப்பை அடுக்கப்பட வேண்டும். அவன் படங்களை அனுப்பி முடித்தபின், இரண்டு பைகளில் எந்தப் பையை முதலில் திறக்கிறான் என்று பார்க்கலாம்.